காசிக்கு முதன்முறை வரும் இளையோர் கேட்பவை: கோயிலும் மயானமும்

காசியில் அனுமான் காட் (காட் என்றால் கங்கைப் படித்துறை) என்பது தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தெரு. பாரதியார் பதினைந்து பதினாறு வயதில் வந்து, 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் இங்கேதான். மணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து, முதுகில் பையுடன் வாசலில் நின்று வழி கேட்கும் இளையோரைக் கண்டுவருகிறேன். சத்திரத்துக்கு வழி கேட்டவர்கள், போகாமல் சற்றுத் தயங்கி நின்று வேறொன்றையும் கேட்பார்கள். அது பெரும்பாலும் மயானத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஊரில் யாரிடமும் கேட்க முடியாமல் போன கேள்விகள் அவை. திரும்பத் திரும்ப வந்தவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

அக்கா, சாமி கும்பிட வந்தோம். வழியெல்லாம் பிணம் எதிரே வருகிறதே, இது அபசகுனம் இல்லையா?

இல்லை. காசிக்கு 'மகாமயானம்' என்றே ஒரு பெயர் உண்டு. மற்ற ஊர்களில் சுடுகாடு ஊருக்கு வெளியே, பெரும்பாலும் தெற்கே ஒதுங்கி இருக்கும். இங்கே மணிகர்ணிகா காட் ஊரின் நடுவில், விசுவநாதர் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. இங்கே இறப்பவரின் வலது காதில் சிவபெருமானே முக்தி தரும் தாரக மந்திரத்தை ஓதுகிறார் என்பது இந்நகரத்தின் அடிப்படை நம்பிக்கை. ஆகவே இங்கே ஒருவர் இறுதிப் பயணம் போவதைக் காண்பதை யாரும் தீயதாகக் கருதுவதில்லை. கடைக்காரர்கள் எழுந்து நின்று கைகூப்புவதைப் பார்ப்பீர்கள்.

மூங்கில் பாடையைச் சுமந்து வருபவர்கள் 'ராம் நாம் சத்ய ஹை' என்று முழங்கிக்கொண்டு வருவார்கள். இராமனின் பெயரே மெய் என்பது அதன் பொருள். நம் ஊரில் பறையும் சங்கும் அறிவிப்பதை இங்கே அந்தக் குரல் அறிவிக்கிறது. சந்துகள் குறுகலானவை, குரல் கேட்டதும் சுவரோரமாக ஒதுங்கி, செருப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அவர்கள் கடக்கும் வரை நின்றுவிடுங்கள். அவ்வளவே போதும்.

விசுவநாதர் கோயிலுக்குள் எதைக் கொண்டு போகக் கூடாது? வேட்டிதான் கட்ட வேண்டுமா?

கைப்பேசி, கேமரா, திறன் கடிகாரம் ஆகியவற்றை உள்ளே விடமாட்டார்கள். வாயிலருகே பாதுகாப்புப் பெட்டகங்கள் உள்ளன. ஆனால் அறையிலேயே வைத்துவிட்டு வருவது நேரத்தை மிச்சப்படுத்தும். பூக்கடைகளில் 'இங்கே வைத்துவிட்டுப் போங்கள், இலவசம்' என்பார்கள். திரும்பி வந்ததும் பெரிய பூக்கூடைக்கான தொகையைக் கேட்பார்கள். தூரத்திலிருந்து பார்த்து வணங்குவதற்குக் கண்ணியமான எந்த உடையும் போதும். லிங்கத்தைத் தொட்டு வழிபட அனுமதிக்கும் வேளைகளில் மட்டும் ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் புடவை என்று கேட்பதுண்டு.

இன்றுள்ள கோயிலை 1780இல் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டுவித்தார். கோபுரத்தில் மின்னும் பொன் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் கொடுத்தது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட வளாகப் பாதை வழியாக இப்போது கங்கைக் கரையிலிருந்து நேராகவே கோயிலுக்கு ஏறி வரலாம். மதுரை, சிதம்பரம் அளவுக்குப் பெரிய பிரகாரங்களை எதிர்பார்த்து வருபவர்கள் கருவறையின் சிறுமையைக் கண்டு திகைப்பதுண்டு. இந்தக் கோயிலின் பெருமை அதன் பரப்பில் இல்லை.

சாமியை நாமே தொடலாமாமே? நம் ஊரில் அர்ச்சகரைத் தவிர யாரும் கிட்டேகூடப் போக முடியாதே, பாவம் இல்லையா?

தமிழ்நாட்டுக் கோயில்கள் ஆகம முறைப்படி நடப்பவை. அங்கே தீட்சை பெற்ற அர்ச்சகர் மட்டுமே கருவறைக்குள் செல்வார். வடநாட்டில் பல சிவாலயங்களில் அடியார்கள் தாமே நீர் வார்த்து, வில்வம் சாத்தி, லிங்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இது வேறொரு மரபு. குறைந்த மரபு அன்று, பாவமும் அன்று. இப்போது கூட்டம் பெருகிவிட்டதால் தொட்டு வழிபடும் நேரத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். அந்த நேரம் மாறிக்கொண்டே இருப்பதால், முதல் நாளே கோயில் உதவி மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவறையில் லிங்கம் தரைமட்டத்தில், வெள்ளித் தகடு வேய்ந்த சதுரப் பள்ளத்துக்குள் இருக்கும். குனிந்துதான் தொட வேண்டும். பின்னாலிருந்து தள்ளுவார்கள், ஒரு நொடி கிடைத்தால் பெரிது. எதைச் சொல்லி வேண்டிக்கொள்வது என்பதை வரிசையில் நிற்கும்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

'சம்போ' என்று சொல்லிக்கொண்டு தமிழ்க்காரர்கள் ஏதோ எடுத்துப் போனார்களே, அது என்ன?

அது நாட்டுக்கோட்டை நகரத்தாரின் திருப்பணி. காசியில் நெடுங்காலமாகச் சத்திரம் வைத்து நடத்திவரும் அவர்கள், விசுவநாதர் பூசைக்கு வேண்டிய பொருள்களை நாள்தோறும் சத்திரத்திலிருந்து எடுத்துச் சென்று கொடுக்கிறார்கள். 'சம்போ' என்ற முழக்கத்தோடு போவதால் அந்த ஊர்வலத்துக்கே சம்போ என்று பெயராகிவிட்டது. நம் ஊர்க் கோபுர அமைப்பில் இருக்கும் விசாலாட்சி அம்மன் கோயிலையும் அவர்களே பேணிவருகிறார்கள். கேதார் காட்டில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கேதாரேசுவரர் கோயில், பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் நிறுவிய மடத்தின் வழிவந்த திருப்பனந்தாள் காசி மடத்தின் பொறுப்பில் உள்ளது. நெரிசலில் மனம் சலித்தவர்கள் அங்கே போய் உட்காரலாம். தேவாரம் பாடினாலும் யாரும் வியப்பாகப் பார்க்கமாட்டார்கள்.

செத்தவர் யாரென்றே தெரியாது. எரிவதை வெறுமனே பார்க்கப் போகலாமா?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். போகலாம், தடுப்பவர் யாருமில்லை. மணிகர்ணிகா, அரிச்சந்திரா ஆகிய இரண்டு படித்துறைகளும் பொது இடங்கள். நாங்கள் அனுமான் காட்டிலிருந்து கேதார் கோயிலுக்குக் கரையோரமாக நடந்து போனால் அரிச்சந்திரா காட்டைக் கடந்துதான் போக வேண்டும். என் பிள்ளைகள் அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள்.

ஆனால் எப்படிப் போவது என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, அந்தக் குடும்பத்தோடு உங்களுக்குப் பழக்கமில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வாசலில் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்களோ, அப்படியே இங்கும் நடந்துகொள்ளுங்கள். சிரித்துப் பேசமாட்டீர்கள், தின்றுகொண்டு நிற்கமாட்டீர்கள், இறந்தவருக்கு என்ன நோய், எத்தனை வயது என்று அழுதுகொண்டிருப்பவரிடம் போய்க் கேட்கமாட்டீர்கள். கொள்ளி வைக்கும் மகனின் பாதையில் குறுக்கே நிற்கமாட்டீர்கள். பயணக் களைப்பும் புதிய இடத்தின் பரபரப்பும் சேர்ந்து, ஊரில் இயல்பாகத் தெரிந்த இந்த நாகரிகத்தை மறக்கச் செய்துவிடுகின்றன. நல்ல பிள்ளைகள்கூட இங்கே வந்து தவறிப்போவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மேற்படிகளில் ஓர் ஓரமாக, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறத்தில் அமர்ந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து வாருங்கள்.

முகம் தெரியாமல் தூரத்திலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. படகிலிருந்தும் கூடாது. ஓர் ஆண்டுக்கு முன், ஒரு குடும்பத்தார் தங்கள் தந்தையின் சிதை எரியும் காட்சி யாரோ ஒருவரின் சமூக ஊடகப் பக்கத்தில் பாட்டுடன் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார்கள். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் பெண். ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். நான் போகலாமா?

தமிழ்நாட்டில் பல சமூகங்களில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடும் வழக்கம் இருப்பதுபோல, இங்கும் இறந்தவர் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் மயானத்துக்கு வருவதில்லை. அழுகை உயிரின் பயணத்தைத் தடுக்கும் என்றும், பெண்களால் அழாமல் இருக்க முடியாது என்றும் காரணம் சொல்கிறார்கள். இந்தக் காரணத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை; என் மாமியார் இறந்தபோது அரிச்சந்திரா காட்டின் மேற்படி வரை நான் போனேன், அழவும் செய்தேன். இப்போது தாமே முன்வந்து கொள்ளி வைக்கும் மகள்களும் உண்டு.

பார்க்க வரும் பெண்களை யாரும் தடுப்பதில்லை. மேலே சொன்னதுபோல் ஓரமாக அமர்ந்து பார்க்கலாம். தனியாக வந்திருந்தால் பகலில் போங்கள். 'மேலே மாடியிலிருந்து நன்றாகத் தெரியும்' என்று அழைப்பவரோடு போகாதீர்கள். காரணத்தைக் கீழே விறகு பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

அங்கே வரிசையாக என்னதான் நடக்கிறது? பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

பளபளக்கும் சரிகைத் துணி போர்த்திய உடலை முதலில் பாடையோடு கங்கையில் ஒருமுறை முக்கி எடுப்பார்கள். சிறிது நேரம் படியில் சாய்த்து வைத்து நீர் வடியவிட்ட பின், வாயில் கங்கை நீரை விடுவார்கள். நம் ஊரில் குளிப்பாட்டி வாய்க்கரிசி போடும் இடத்தை இங்கே கங்கை பிடித்துக்கொள்கிறது. அதற்குள் பெரிய தராசில் விறகு நிறுத்து வாங்கப்பட்டிருக்கும். ஓர் உடலுக்கு ஏறத்தாழ 200 முதல் 300 கிலோ விறகு வேண்டும். நம் ஊரில் வரட்டி அடுக்கிக் களிமண் பூசி மூடுவதுபோல் இங்கே மூடுவதில்லை, திறந்த சிதைதான். முதன்முறை பார்ப்பவர்களை இதுவே மிகவும் கலங்கச் செய்கிறது, ஆகவே முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

தலைமழித்து, தையலற்ற வெள்ளைத் துணி உடுத்தியவரே கருமம் செய்பவர். மணிகர்ணிகாவில் என்றும் அணையாமல் காக்கப்படும் நெருப்பிலிருந்து வைக்கோல் கற்றையில் தீயை எடுத்துவந்து, சிதையைச் சுற்றிவந்து மூட்டுவார். நெய்யும் சந்தனத் தூளும் குங்கிலியமும் அவ்வப்போது தூவப்படும். எரிந்து முடிய மூன்று மணி நேரம் போல ஆகும். முடியும் தறுவாயில் அவர் நீண்ட மூங்கிலால் மண்டையோட்டைத் தட்டி உடைப்பார். 'கபாலக் கிரியை' எனப்படும் இந்தச் செயலால் உயிர் முழுதாக விடுபடுகிறது என்பது நம்பிக்கை. இறுதியில் ஒரு மண்பானையில் கங்கை நீரை முகந்து, சிதைக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பார். நம் ஊர்க் கொள்ளிக்குடத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. நாம் தீ மூட்டுமுன் குடத்தை உடைக்கிறோம். இவர்கள் தீ அடங்கிய பின் உடைக்கிறார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

பெருவெள்ளம் வரும் மழைக்காலத்தில் படிகள் நீரில் மூழ்கிவிடும். அப்போது மணிகர்ணிகாவில் மேல்தளத்திலும், அரிச்சந்திராவில் சந்திலும் எரிப்பார்கள். அரிச்சந்திரா காட்டில் விறகில்லாமல் எரிக்கும் தகனக் கூடம் ஒன்றும் உள்ளது. செலவு குறைவு என்றாலும் பலரும் விறகையே நாடுகிறார்கள்.

நெருப்பைக் கொடுக்கும் உரிமை டோம் சமூகத்தாருக்கு மட்டும்தானாமே, ஏன்?

தலைமுறை தலைமுறையாக மயான நெருப்பைக் காப்பவர்கள் டோம் சமூகத்தார். அவர்களின் தலைவரை 'டோம் ராஜா' என்பார்கள். எவ்வளவு பெரிய குடும்பத்துப் பிணமானாலும், காலங்காலமாக ஊர் ஒதுக்கிவைத்த இந்த மக்களிடமிருந்தே தீயை வாங்கியாக வேண்டும். இதன் பின்னே உள்ள கதை தமிழருக்கு நன்றாகத் தெரிந்ததே. நாட்டை இழந்த அரிச்சந்திரன், மனைவியையும் மகனையும் விற்றுவிட்டு, காசி மயானத்தில் ஒருவருக்கு அடிமையாகிப் பிணம் காத்தான்; பாம்பு தீண்டி இறந்த மகனை அவன் மனைவியே தூக்கிவந்தபோதும் கூலி கேட்டான். தெருக்கூத்தில் விடிய விடிய 'மயான காண்டம்' பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பல ஊர்ச் சுடுகாட்டு வழியில் அரிச்சந்திரன் கோயிலோ கல்லோ இருக்கும்; பாடையை அங்கே இறக்கிவைத்து, வெட்டியான் அரிச்சந்திரன் பெயரைச் சொல்லிப் பாடி அனுமதி பெற்ற பின்னரே உள்ளே கொண்டுபோவார்கள். அந்த அரிச்சந்திரன் நின்றதாகச் சொல்லப்படும் இடமே இங்குள்ள அரிச்சந்திரா காட்.

பகலும் இரவும் வெக்கையில் நின்று வேலை செய்யும் இவர்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காதீர்கள். மணிகர்ணிகாவில் சாம்பலை நீரில் அலசிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால், அவர்கள் நகைத்துணுக்குகளைத் தேடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். அதுவும் அவர்களது பழைய உரிமைகளில் ஒன்று. கூலி குறைவு, புகை மிகுதி; அவர்களை அண்டி நடக்கும் இந்த ஊர் அவர்களுக்குத் தந்திருக்கும் மதிப்பு போதாது என்பதே என் எண்ணம்.

ஏழைகளுக்கு விறகு வாங்கப் பணம் கொடுங்கள் என்று ஒருவர் விடாமல் கேட்டார். கொடுப்பது புண்ணியம்தானே?

கொடுக்காதீர்கள். இது பல ஆண்டுகளாக நடக்கும் ஏமாற்று. நன்றாகப் பேசும் ஒருவர் தாமாக வந்து சடங்குகளை விளக்குவார். தம்மை முதியோர் விடுதித் தொண்டர் என்பார். நன்றாகத் தெரியும் என்று மேல்மாடத்துக்கு அழைத்துப் போவார். அங்கே ஒரு மூதாட்டியை உட்காரவைத்து ஆசி கூறச் செய்து, ஒரு கிலோ விறகு இவ்வளவு விலை, எத்தனை கிலோ தருகிறீர்கள் என்று கேட்பார். கொடுக்க மறுத்தால் உங்கள் பாவக் கணக்கைப் பேசத் தொடங்குவார். இளையவர்களும் தனியே வந்தவர்களும்தான் இதில் மாட்டுகிறார்கள். 'வேண்டாம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். உண்மையில் உதவ விரும்பினால் அன்னபூரணி கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலரை எரிக்கவே மாட்டார்களாமே? யாரை?

துறவிகளையும் சிறு குழந்தைகளையும் எரிப்பதில்லை. துறவி வாழும்போதே தமக்குரிய கிரியைகளை முடித்துவிட்டவர் என்பதால் அவரை அக்கினிக்குக் கொடுக்கத் தேவையில்லை. நம் ஊரில் மடாதிபதிகளைச் சமாதி வைப்பதும் இதே கருத்தில்தான். குழந்தைக்கு இன்னும் வினை சேரவில்லை என்பார்கள். கருவுற்ற பெண்கள், பாம்பு கடித்து இறந்தவர்கள், தொழுநோயாளிகள் ஆகியோரையும் படகுக்காரர்கள் இந்தப் பட்டியலில் சேர்த்துச் சொல்வார்கள். இத்தகைய உடல்களைக் கல் கட்டி ஆற்றில் விடுவது பழைய வழக்கம். கங்கையைத் தூய்மைப்படுத்தும் திட்டம் 1986இல் தொடங்கியது முதல் இதைத் தடுக்க முயன்றுவருகிறார்கள்.

காசியில் பிணம் நாறாது, கருடன் பறக்காது, பல்லி சொல்லாது, மாடு முட்டாது, பூ மணக்காது என்று பாட்டி சொன்னார். உண்மையா?

என் பாட்டியும் சொல்லித்தான் அனுப்பினார். கருடனுக்கும் பல்லிக்கும் ஒரு கதை உண்டு. இராமேசுவரத்தில் பூசிப்பதற்காக அனுமன் காசிக்கு லிங்கம் எடுக்க வந்தபோது, எங்கும் லிங்கமாக இருந்ததால் திகைத்து நின்றான். கருடன் ஒன்றின்மேல் வட்டமிட்டும் பல்லி ஒலித்தும் சரியான லிங்கத்தைக் காட்டிக்கொடுத்தன. தன் அனுமதியின்றி இதைச் செய்ததால் காவல் தெய்வமான காலபைரவர் அவ்விரண்டையும் சபித்தார் என்பது கதை.

கதையைக் கதையாகக் கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் பல்லிகள் தாராளமாகப் பேசுகின்றன. மல்லிகை மணக்கத்தான் செய்கிறது. சிதையில் நாற்றம் குறைவாக இருப்பதற்கு, முன்னர்ச் சொன்ன நெய், குங்கிலியம், சந்தனத்தோடு ஆற்றுக் காற்றும் காரணம். காற்று நின்ற நாளில் நாறவே செய்யும். மாட்டைப் பற்றிய நம்பிக்கையை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். சந்துகளில் திரியும் காளைகள் முட்டிக் கை எலும்பு முறிந்தவர்களை நான் அறிவேன்.

சாவதற்கென்றே இங்கே வந்து காத்திருப்பார்கள் என்கிறார்களே, அப்படி இடம் இருக்கிறதா?

இருக்கிறது. 1958 முதல் நடந்துவரும் காசி லாப முக்தி பவன் அவற்றுள் பலரும் அறிந்தது. கடைசி நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் முதியவரைக் குடும்பத்தார் அழைத்துவந்து தங்குகிறார்கள். பொதுவாக இரண்டு வாரம் அளவுக்கே இடம் தருவார்கள். அங்கே மருத்துவம் இல்லை. கங்கை நீரும் துளசியும் இறைநாமமும்தான். முதன்முறை கேட்பவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றும். அங்கே தந்தையோடு பத்து நாள் தங்கியிருந்த ஒருவர், அந்தப் பத்து நாள்களில் பேசிய அளவுக்கு அவரோடு அதற்குமுன் பேசியதே இல்லை என்று என்னிடம் கூறினார். சுற்றிப் பார்க்கும் இடமாக எண்ணி அங்கே போகாதீர்கள்.

மயானத்தில் உட்கார்ந்துவிட்டு நேரே கோயிலுக்குப் போகலாமா? தீட்டு இல்லையா?

காசியில் மயானமும் கோயிலும் பிரிந்தில்லை என்பதை முதல் விடையிலேயே சொன்னேன். உறவினரல்லாதவரின் சிதையைத் தொலைவிலிருந்து பார்த்தவருக்குத் தீட்டு இல்லை என்பதே இங்குள்ள பெரியவர்களின் கருத்து. ஆனாலும் நாம் வளர்ந்த முறை வேறு. துக்க வீட்டிலிருந்து வந்தால் தலைக்குக் குளித்துவிட்டே உள்ளே நுழைய வேண்டும் என்று பழகிய உடம்பு உறுத்திக்கொண்டே இருக்கும். அப்படி உறுத்தினால் அனுமான் காட்டிலோ கேதார் காட்டிலோ கங்கையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போங்கள். படிகள் பாசி படிந்தவை, ஆழம் சட்டென்று இறங்கும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழுகுங்கள். சோப்பு வேண்டாம்.

அப்பா இறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வருஷம் திரும்பாமல் காசிக்கு வரலாமா? அஸ்தியை எப்படிக் கொண்டு வருவது?

துக்க ஆண்டில் மலைக்கோயில் ஏறுவதையும் திருவிழாக்களையும் தவிர்ப்பது நம் பக்கத்து வழக்கம். அஸ்தி கரைக்க வருவது இன்பப் பயணம் அன்று; ஆகவே அதற்குத் தடை சொல்வதில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறுவதால், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விடை வரும். அஸ்திக் கலயத்தை வெள்ளைத் துணியில் கட்டி, பயணத்தில் தரையில் வைக்காமல் கொண்டுவருவார்கள். தங்குமிடத்தில் அதை வைக்கத் தனி இடம் உண்டா என்று முன்பே கேளுங்கள்.

அனுமான் காட்டுப் பகுதியில் தமிழில் விளக்கிச் செய்துவைக்கும் சாஸ்திரிகள் இருக்கிறார்கள். தொடங்குமுன் என்னென்ன கிரியை, மொத்தம் எவ்வளவு என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். துக்கத்தில் இருக்கும்போது காசைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று தயங்கி, பின்னர் மனக்கசப்போடு திரும்பியவர்கள் பலர். பொதுவாகத் தந்தை உயிரோடு இருப்பவர்கள் பித்ரு தர்ப்பணம் செய்வதில்லை. நண்பனுக்குத் துணையாக வந்தவர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும்.

காசிக்கு வந்தால் ஒரு காயையும் பழத்தையும் விட வேண்டுமாமே? எனக்கு மாம்பழம் பிடிக்குமே!

அது காசியில் அன்று, கயாவில். இங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அங்கே விஷ்ணுபாதத்திலும் பல்குனி ஆற்றங்கரையிலும் பிண்டம் இட்டபின், அட்சயவடம் என்னும் ஆலமரத்தடியில் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை என்று விட்டுவருவார்கள். முன்னோருக்குக் கிரியை செய்தவர்கள் எடுத்துக்கொள்ளும் உறுதி அது. வெறுமனே சுற்றிப் பார்க்க வந்த உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாகற்காயை விட்டுவிடுகிறேன் என்று பலர் முந்திக்கொள்கிறார்கள். விரும்புவதை விடுவதே விடுதல் என்று கயா சாஸ்திரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, முக்தியிலும் நம்பிக்கை இல்லை. நான் இங்கே வந்தது தவறா?

தவறில்லை. 'காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது' என்ற பழமொழியைச் சொன்னவர்களும் நம் முன்னோர்தான். ஐயம் நம் மரபுக்குப் புதியதன்று. நம்பாதவர்கள் இங்கே செய்ய வேண்டியது ஒன்றே: நம்புகிறவரின் துக்க வேளையில் அவரோடு வாதிடாமல் இருத்தல். கோயிலில் கைகூப்ப மனமில்லை என்றால் கூப்ப வேண்டாம். வரிசையை மறிக்காமல் இருந்தால் போதும். மயானத்தில் நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே படியில்தான் உட்காருகிறார்கள்.

பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை, சாப்பிடவும் முடியவில்லை. என்ன செய்வது?

இது நேர்வதுதான், கோழைத்தனம் அன்று. திறந்த சிதையைப் பற்றி மேலே எச்சரித்தது இதற்காகவே. மறுநாள் மீண்டும் மயானத்துக்குப் போகாதீர்கள். விடியற்காலையில் படகிலோ படியிலோ அமர்ந்து, கங்கைக்கு அக்கரையில் சூரியன் எழுவதைப் பாருங்கள். இங்கே ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் படித்துறைகள் எல்லாம் கிழக்கு பார்த்தவை. முதல் வெளிச்சம் முகத்தில் விழும். சத்திரத்தில் சூடான ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தொலைபேசியில் பேசுங்கள். பார்த்ததைச் சொல்ல வேண்டியதில்லை, பேசினாலே போதும். சிலருக்கு, அண்மையில் இழந்த யாரோ ஒருவரின் நினைவு அந்தச் சிதையைக் கண்டதும் கிளம்பிவிடுகிறது. அப்படியென்றால் அழுதுவிடுங்கள், இங்கே யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

கங்கைச் செம்பு வாங்கியிருக்கிறேன். ஊருக்குப் போய் இதை என்ன செய்ய வேண்டும்?

கடைகளில் மூடி பற்றவைத்து விற்கும் சிறு செம்புகளைத்தான் சொல்கிறீர்கள். பழைய முறைப்படி யாத்திரை இராமேசுவரத்தில் தொடங்கி அங்கேயே முடியும். சேதுக்கரை மணலை எடுத்துவந்து பிரயாகையில் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் கரைத்து, கங்கை நீரை எடுத்துப்போய் இராமநாதருக்கு அபிடேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவாகும் என்பார்கள். உங்களால் முடிந்தபோது அதைச் செய்யுங்கள், அவசரம் இல்லை.

மற்றொரு செம்பைப் பிரிக்காமல் பூசையறையில் வைத்திருப்பார்கள். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு இறுதி நேரம் வந்தது என்று தெரியும்போது அதை உடைத்து, துளசி இலை போட்டு, ஒவ்வொருவராக ஒரு கரண்டி அவர் வாயில் விடுவார்கள். உங்கள் வீட்டிலும் எங்கோ ஒரு மூலையில், தாத்தாவோ பாட்டியோ கொண்டுவந்த செம்பு தூசி படிந்து இருக்கக்கூடும். திரும்பிப் போனதும் அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்டு, இதையும் அதன் அருகில் வைத்துவிடுங்கள்.